பில்லில் முழுப் பெயர் எழுதச் சொல்லுங்கள்

களுபோவில ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள எங்கள் ஒழுங்கைக்குப் போன மாதம் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கேமிங் கம்ப்யூட்டர். அம்மா சீட்டு எடுத்த காசு. கண்ணாடிப் பக்கத்துக்குள் விசிறிகள் கலர் கலராகச் சுழன்றன. "அண்ணா, ஐ7! புதுசு!" என்றான். பில்லை வாங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு வரிதான்: "கேமிங் பிசி ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி விஜிஏ." புதுசு என்றும் இல்லை, பாவித்தது என்றும் இல்லை.

உள்ளே இருந்தது ஐ7-3770. 2012இல் வெளிவந்த புரொசசர்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று அந்தப் பில்லை வைத்து நிரூபிக்க முடியாது. அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஐ7 என்பது குடும்பப் பெயர் மாதிரி. ஆள் யார் என்று அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் சொல்லும். 2022இல் வந்த ஐ3-12100க்கும் இதைப் போலவே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் அந்த 'சின்ன' ஐ3க்கு முன்னால் பழைய ஐ7 நிற்காது. ஐ7-3770 போன்ற, எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான இன்டெல் புரொசசர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விளையாட்டு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, அம்மாவின் வங்கிக் கணக்கையும் அதே கம்ப்யூட்டரில்தான் திறப்பார்கள்.

கிராஃபிக்ஸ் கார்டில் இந்தப் பெயர் விளையாட்டு இன்னும் மோசம். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளது செக்கனுக்கு 48 ஜிபி வேகத்தில் தரவை நகர்த்தும்; டிடிஆர்4 உள்ளது 16.8 ஜிபிதான். ஆர்எக்ஸ் 580 என்று கேட்டால் 2304 கோர் உள்ளதும் கிடைக்கலாம், '2048எஸ்பி' என்ற வால் ஒட்டிய குறைந்த வகையும் கிடைக்கலாம். அந்த வால் பில்லில் வராது. இதைவிடக் கொடியது, பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் மென்பொருளை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்ட வைப்பது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட போலிகளைப் பிடித்துப் பெயருக்கு முன்னால் 'போலி' என்று ஆங்கிலத்தில் காட்டும். பாவித்த கார்ட் வாங்கப் போகிறவர் அதை ஒரு பென் டிரைவில் கொண்டுபோய், பணம் கொடுக்கும் முன் விற்பவரின் மேசையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். 2022 செப்டெம்பர் 15ஆம் தேதி ஈத்தீரியம் நாணயத்தைக் கார்டுகளால் 'மைனிங்' செய்வது நின்றது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் அதன்பின் உலகச் சந்தைக்கு வந்தன. எல்லாமே பழுது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசிறியும் நினைவகமும் நிறைய உழைத்தவை. விலையில் அது தெரிய வேண்டும்.

காசு மட்டுமட்டாக இருந்தால், கார்டைப் பிறகு வாங்கலாம். ரைசன் 5 5600ஜி போன்ற, கிராஃபிக்ஸ் உள்ளேயே அமைந்த புரொசசரோடு தொடங்கி, ஆறு மாதத்தில் நல்ல கார்ட் போடுவது கெட்டிக்காரத்தனம். ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். இந்த வகைப் புரொசசரில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ரேம் விலை 2025 கடைசியில் உலகம் முழுக்க ஏறியது. விலை ஏறும் பொருளில்தான் ஸ்டிக்கர் மாற்றும் வேலையும் நடக்கும். ஆகவே உறை பிரிக்காததாகப் பார்த்து எடுங்கள்.

எதில் குறைத்தாலும் பவர் சப்ளையில் குறைக்க வேண்டாம். இது என் உறுதியான கருத்து. தம்பியின் பெட்டியோடு 'இலவசமாக' வந்த பவர் சப்ளையில் பெரிய எழுத்தில் 500 என்று போட்டிருந்தது. அடியில் உள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலைத் தேடிப் பார்த்தேன்: 18 ஆம்பியர். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வோட். கார்டும் புரொசசரும் உண்பது இந்த 12 வோல்ட் வழியாகத்தான். மீதி இலக்கம் அலங்காரம். பெயர்பெற்ற கம்பெனிகளும் தவறியிருக்கின்றன. 2021இல் கிகாபைட் தன் 750, 850 வோட் பவர் சப்ளை சிலவற்றை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அப்படியிருக்க, பெயரே இல்லாத பெட்டியை எதை நம்பி வாங்குவது?

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் வயர் இல்லாத பிளக் பொயின்ட் இன்னும் இருக்கிறது. பெட்டியைத் தொட்டால் விரலில் சுரீர் என்றால் அதைச் சும்மா விடாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தும் ட்ரிப் சுவிச்சும் பார்க்கச் சொல்லுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போவதைவிட அது திரும்பி வரும் அந்தக் கணம்தான் பொருட்களைக் கொல்கிறது.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன் என்றால், பில்லைத் திருப்பிப் பாருங்கள். இங்கு பல கடைகளில் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் ஓராண்டு வொரண்டி என்பது 350 நாள்தான். மின்னல், மின் அழுத்த ஏற்ற இறக்கம், எரிந்த அடையாளம், துரு எல்லாவற்றுக்கும் வொரண்டி இல்லை. வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். காசு கொடுக்கும் முன்பே அந்தப் பக்கத்தை வாசித்துவிட வேண்டும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் கடைக்காரர் பில் தந்தே ஆக வேண்டும். ஏமாற்றும் விதமாக விற்பதும், பொருளின் தரம் பற்றிப் பொய் சொல்வதும் குற்றம். வொரண்டிப்படி பொருள் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால் மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வருட வொரண்டி என்று நம்பிப் பெட்டியை மூலையில் வைத்துவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே கடினமான கேம்களை ஓட்டிச் சோதியுங்கள். 3 மாதம் தாண்டினாலும் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பிரதேசத்து மத்தியஸ்த சபைக்கும் போகலாம்.

வங்கிக் கார்டில் கட்டினால் 3 வீதம் கூட என்று கேட்பதும் சரியல்ல. கட்ட நேர்ந்தால் ரசீதோடு உங்கள் கார்டைத் தந்த வங்கியிடம் முறைப்பாடு செய்யுங்கள்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் வாங்கினாலும், இணையத்தில் பார்த்துப் பாவித்ததை வாங்கினாலும் பில்லில் இவை இருக்க வேண்டும்: ஒவ்வொரு பாகத்தின் முழு மொடல் இலக்கம், சீரியல் இலக்கம், புதியதா பாவித்ததா என்ற சொல், வொரண்டி எத்தனை நாள். விளம்பரத்தையும் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் படம் பிடித்து வையுங்கள். தம்பியின் போனில் "புதுசு" என்று கடையிலிருந்து வந்த குரல் பதிவு அழியாமல் இருந்தது. இப்போது எங்கள் கையில் இருக்கும் ஒரே பலம் அதுதான்.

தம்பியின் முறைப்பாட்டை அதிகார சபைக்குத் தமிழில் எழுதினோம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை களுபோவிலவில் இருக்கும் நமக்கும் அந்த உரிமையைத் தருகிறது. சந்தேகம் இருந்தால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். பில் தேதியிலிருந்து நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.