இணையத்தில் செருகுநிரல்களின் போட்டி

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பல நாட்டுக் கப்பல்கள் வருகின்றன. அவற்றைக் கட்டியவர் வேறு. பறக்கும் கொடி வேறு. உள்ளே ஓடும் நீர்க்குழாய்களின் அளவும் வேறு. எனினும், ஒரு கப்பலில் தீப்பற்றினால், கரையிலுள்ள நீர்க்குழாயை அதனோடு பொருத்துவதற்கு ஒரு வழி உண்டு. சர்வதேசப் பயணம் செய்யும் கப்பல்களுள் 500 தொன்னும் அதற்கு மேலும் மொத்தக் கொள்ளளவு கொண்டவை ஒவ்வொன்றும், 178 மில்லிமீற்றர் விட்டமுடைய பொது இணைப்பு வளையம் ஒன்றை வைத்திருத்தல் வேண்டும் என்பது கடற் பாதுகாப்பு விதி. மற்றெல்லாவற்றிலும் வேறுபட்டவர்கள் இந்த ஒரு மூட்டில் மாத்திரம் உடன்பட்டிருக்கிறார்கள். ஆபத்து வேளையில் அந்த உடன்பாடே கைகொடுக்கிறது.

வானொலியும் இவ்வாறு உடன்பாட்டினால் வளர்ந்த ஒரு சாதனமே. திருகோணமலைக்கு அண்மையில் ஜேர்மனிய வானொலியின் அஞ்சல் நிலையம் ஒன்று பல்லாண்டுகள் இயங்கி வந்தது. 2013ஆம் ஆண்டில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கிருந்து எழுந்த சிற்றலைகளை, எந்த நிறுவனம் செய்த சிற்றலை வானொலிப் பெட்டியாலும் கேட்க முடிந்தது. இன்ன நிலையத்துக்கு இன்னாருடைய பெட்டிதான் வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்ததில்லை. இணையத்தில் ஒலியும் அசையும் படமும் வந்து சேர்ந்த வரலாறோ இதற்கு மாறானது.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை உலாவி என்பர். 1990களின் முற்பகுதியில் பரவிய உலாவிகள் எழுத்தையும் அசையாப் படத்தையும் காட்ட வல்லனவாயிருந்தன; திரைப்படம் போல் ஓடும் காட்சியைத் தாமாகக் காட்டும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. இக்குறையை நீக்க நெட்ஸ்கேப் நிறுவனம் ஒரு வழி கண்டது. பிறர் எழுதிய சிறு நிரல் ஒன்றைத் தன் உலாவியினுள் செருகிக்கொள்ள இடம் விட்டது. அதுவே செருகுநிரல். வீட்டுக்காரர் தம் திண்ணையின் ஒரு மூலையைக் கடைக்கு விட்டது போன்ற ஏற்பாடு அது.

கடை வைக்கப் பலர் வந்தனர். 1995இல் ரியல் ஓடியோ வெளிவந்தது. ஒலிக்கோப்பு முழுவதும் வந்து சேரும்வரை காத்திராமல், வர வரக் கேட்கலாம் என்பது அதன் சிறப்பு. பி.பி.சி. உட்படப் பல ஒலிபரப்பு நிறுவனங்கள் அதைக் கைக்கொண்டன. அப்பிள் நிறுவனத்தின் குயிக்டைம் ஒரு பக்கமும், மைக்ரோசொப்டின் விண்டோஸ் மீடியா பிளேயர் மறுபக்கமும் எதிர்நின்றன. ஒன்றுக்கென ஆக்கிய கோப்பை மற்றொன்று திறவாதிருப்பது வழக்கமாயிற்று. ஆகவே, ஒரே உரையை இரண்டு மூன்று வடிவங்களில் வைக்கும் சுமை ஒலிபரப்புவோர்க்கும், இரண்டு மூன்று நிரல்களை இறக்கி நிறுவும் தொல்லை கேட்போர்க்கும் வந்து சேர்ந்தன.

இப்போட்டி நீதிமன்றப் படியும் ஏறியது. மைக்ரோசொப்ட் தன் பிளேயரை விண்டோஸுடன் பிணைத்தே விற்பது முறையன்று என ஐரோப்பிய ஆணைக்குழு 2004இல் தீர்த்து, வேறொரு குற்றத்தையும் சேர்த்து, 49 கோடியே 70 இலட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. ரியல் நிறுவனம் தொடுத்த வழக்கில் மைக்ரோசொப்ட் 2005இல் சமரசத்துக்கு வந்தது.

தமிழ் வாசகரும் இதே வகையான தொல்லைக்கு உள்ளானவர்களே. தமிழ் எழுத்துரு இல்லாத கணினியிலும் தமிழைக் காட்ட, எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் உத்தி 1997 அளவில் வந்தது. ஆனால் மைக்ரோசொப்டின் உலாவிக்கு ஒரு முறை. நெட்ஸ்கேப்புக்கு வேறொரு முறை. எழுத்துக் குறியீடுகளும் பலவாயிருந்தன. ஒரு பத்திரிகையின் தளத்தில் தெளிவாகத் தெரிந்த தமிழ், வேறொரு கணினியில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறியது. ஒருங்குறி என்னும் பொதுக் குறியீடு பரவிய பின்னரே இத்தொல்லை பெரிதும் நீங்கிற்று. எழுத்துக்குக் கிடைத்த அந்தப் பொது மூட்டு, அசையும் படத்துக்குக் கிடைக்க மேலும் சில ஆண்டுகள் சென்றன.

அதற்கிடையில் பிளாஷ் என்னும் செருகுநிரல் மற்றவற்றை முந்தியது. கோடுகளையும் வண்ணங்களையும் கணக்காகவே அனுப்பியதால் அதன் சித்திரக் கோப்புகள் சிறியவையாயிருந்தன; தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாக வரும் இணைப்புக்கும் அவை ஏற்றவை. 2005இல் தோன்றிய யூடியூப் தன் காட்சிகளைப் பிளாஷ் வழியே காட்டியது. அவ்வாண்டின் இறுதியில் அடோபி நிறுவனம் பிளாஷின் உரிமையாளரான மக்ரோமீடியாவை வாங்கிற்று. 2007இல் மைக்ரோசொப்ட் சில்வர்லைட்டைக் களத்தில் இறக்கியது. 2008ஆம் ஆண்டுப் பீஜிங் ஒலிம்பிக் போட்டிகளை அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் இணையத்தில் காட்டியது சில்வர்லைட் வழியேதான்.

இருவரில் வென்றவர் யார்? இருவருமே அல்லர். 2007இல் வந்த ஐபோன் பிளாஷை ஏற்கவில்லை. அது பாதுகாப்பற்றது, மின்கலத்தை விரைவில் தீர்ப்பது, ஒரே நிறுவனத்தின் பிடியில் உள்ளது என்று 2010இல் ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கமாக எழுதினார். இதற்கிடையே, உலாவியே நேராகக் காட்சியை ஓட்டுவதற்கான பொது விதி உருவாகி வந்தது. எச்.டி.எம்.எல். 5 எனப்படும் அவ்விதித்தொகுப்பு 2014 ஒக்டோபரில் முறைப்படி ஏற்கப்பட்டது. காட்சியைச் சுருக்கும் முறை எதுவென்பதில் பிணக்கு நீடித்தபோதிலும், தனிச் செருகுநிரலின் தேவை அற்றுப்போயிற்று. பிளாஷுக்கான ஆதரவு 2020 டிசெம்பர் 31இலும், சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021 ஒக்டோபர் 12இலும் முடிவுற்றன.

செருகுநிரல்கள் செய்த நன்மையையும் மறத்தலாகாது. பொது விதிக்காகக் காத்திருந்தால், இணையத்தில் அசையும் படம் பல ஆண்டுகள் பிந்தியே வந்திருக்கும். புதுமையைத் தொடங்கி வைப்பதில் தனி நிறுவனத்தின் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால், தொடங்கியவர் கதவைச் சாத்திவிட்டுப் போகும்போது உள்ளே இருந்த பொருள்களின் கதி என்ன? பிளாஷில் ஆக்கப்பட்ட பாடங்கள், விளையாட்டுகள், கேலிச்சித்திரங்கள் எண்ணற்றவை. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் நிரல் அவற்றை ஓட்ட மறுத்தது. தென்னாபிரிக்க வருமானவரித் திணைக்களம், பிளாஷில் அமைந்த தன் வரிப் படிவங்களுக்காகத் தனி உலாவி ஒன்றையே வெளியிட நேர்ந்தது. இணைய ஆவணகம் 2020 நவம்பர் முதல் ரபிள் என்னும் நிரலின் துணையுடன் பழைய பிளாஷ் ஆக்கங்களுட் பலவற்றை மீண்டும் ஓடச்செய்து காத்து வருகிறது. எடுத்து வைக்க ஆளில்லாதவை மறைந்தே போயின.

திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளும் நூலகங்களும் இன்று தம் பாடங்களையும், கோணேசர் கோயில் விழாக்களையும், கரையோர மீனவரின் பாடல்களையும் ஒலியும் காட்சியுமாகப் பதிந்து வைக்கலாம். அதற்குப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை. பதியுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதனை ஆக்கிய நிறுவனம் நாளை இல்லாது போயினும், வேறொரு கருவியால் இதனைத் திறக்க முடியுமா? முடியும் என்றால் துணிந்து கைக்கொள்ளலாம். முடியாதென்றால், பல கருவிகளும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில் ஒரு பிரதியையாவது தனியே எடுத்து வைத்தல் வேண்டும். ஒரு செயலியினுள் மாத்திரம் திறக்கும் காட்சிகள் பெருகிவரும் இந்நாளிலும் அக்கேள்வி பழையதாகிவிடவில்லை. இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளை, முதுமையில் தன் பாட்டனின் குரலைக் கேட்க விரும்பினால், அது ஒலிக்க வேண்டும் அன்றோ?