பிளைவுட், எபாக்ஸி, கொஞ்சம் கயிறு

படகு கட்டுகிறேன் என்று சொன்னதும், பெரிய முதலியார்சாவடி கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தன பேரு தூக்கணும் தம்பி?" நீளம், பாய், செலவு எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். எடைக்கு மட்டும் இல்லை. அதுதான் சரியான கேள்வி என்று எனக்குப் புரிய ஆறு மாசம் ஆச்சு.

இங்கே துறைமுகம் கிடையாது. படகை மணலிலிருந்து அலைக்குள் தள்ளணும். திரும்பும்போது அலையோடு வந்து மணலில் ஏறி, அடுத்த அலை அடிப்பதற்குள் இழுத்து மேலே போடணும். கட்டுமரம் இதற்கென்றே உருவானது. எடை குறைந்த மரங்களைச் சீவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினால் முடிந்தது. தண்ணீர் உள்ளே புகுந்து மூழ்கும் என்ற கவலை இல்லை, ஏனென்றால் 'உள்ளே' என்று ஒன்றே இல்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகத் தூக்கிக் காயப்போடுவார்கள்.

வில்லியம் டேம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரங்களைப் பற்றி 1697இல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். பிறகு அந்தச் சொல் வேறு திசையில் போய்விட்டது. 1876இல் அமெரிக்காவின் நத்தானியல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரண்டு ஹல் கொண்ட பாய்ப்படகைப் பந்தயத்தில் ஓட்டி ஜெயித்தார். அடுத்து அந்த வகைப் படகையே பந்தயத்திலிருந்து விலக்கினார்கள். இன்று உலகம் முழுக்க 'கட்டமரான்' என்றால் இரண்டு ஹல். நம்ம கட்டுமரத்துக்கோ ஹல்லே கிடையாது! பெயரை வைத்துப் பெருமைப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டு ஹல் எதற்கு? பாயில் காற்று அடித்தால் படகு சாயும். ஒற்றை ஹல் கொண்ட பெரிய பாய்ப்படகு அதைத் தாங்க அடியில் ஈயத்தையோ இரும்பையோ சுமக்கிறது. இரட்டைப் படகு தன் அகலத்தாலேயே தாங்குகிறது. அதனால் கனமும் வேண்டாம், ஆழமும் வேண்டாம். முழங்கால் தண்ணீரில் மிதக்கும், மணலில் நேராக உட்காரும். ஒரே பெரிய குறை, முழுசாகக் கவிழ்ந்தால் தானாக நிமிராது.

இதை வீட்டில் கட்டலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் வாரம். 1954இல் இருபத்துமூன்றரை அடியில் 'டாங்காரோவா' என்ற இரட்டைப் படகைத் தன் கையால் கட்டி, அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் போய்ச் சேர்ந்தார். அவருடைய 'டிக்கி 21' வரைபடத்தில் கட்டிய 21 அடிப் படகில் ரோரி மக்டூகல் 1991இல் கிளம்பி 1997இல் உலகைச் சுற்றி முடித்தார். இந்த வரைபடத்தில் எனக்குப் பிடித்த விஷயம், இரண்டு ஹல்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் போல்ட்டில் இல்லை, கயிற்றுக் கட்டில் நிற்கின்றன. போல்ட் போட்டால் அலையின் உலுக்கல் எல்லாம் அந்த ஓட்டையில் குவியும். கயிறு கொஞ்சம் நெகிழ்ந்து சுமையைப் பரப்பிவிடும். வாரம் இதைக் கற்றது பாலினேசியப் படகுகளிடம். நம்மிடம் என்று உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அவிழ்த்துத் தூக்கலாம் என்ற வசதி கட்டுமரக்காரருக்கு விளக்கவே வேண்டாத ஒன்று.

ஹல் செய்யும் முறைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டிட்ச் அண்ட் க்ளூ' என்று பெயர். தைத்து ஒட்டுவது. பிளைவுட்டை வெட்டி, ஓரங்களில் சின்ன ஓட்டைகள் போட்டு, செம்புக் கம்பியால் தைத்தால் தட்டையான பலகை தானே வளைந்து படகு வடிவம் எடுக்கும். கம்பிக்கு நான் போனது மோட்டார் காயில் கட்டும் கடைக்கு. உள்மூலைகளில் எபாக்ஸியும் மரத்தூளும் கலந்த பசையைப் பூசி, மேலே கண்ணாடி இழை நாடாவை ஒட்டுவார்கள். அது இறுகியதும் கம்பிக்கு வேலை இல்லை. இங்கிலாந்தில் 1963இல் வந்த 'மிரர்' என்ற சின்னப் படகுதான் இந்த முறையைப் பிரபலமாக்கியது. தையல் நம்ம கரைக்குப் புதுசும் இல்லை. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்த மசூலா படகுகள், ஆணியே இல்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தவை.

தமிழ்நாட்டில் பிளைவுட் படகின் உண்மையான கதை முட்டத்தில் இருக்கிறது. வள்ளம் குடைய பெரிய மரம் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறியபோது, பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே, கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தக் கடலோர ஊரில் மீனவர்களோடு பிளைவுட் படகுகளை முயன்று பார்த்தார். அந்த அனுபவத்தை 1985இல் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்ற புத்தகமாக எழுதினார். சின்னது கஷ்டமானது! தலைப்பிலேயே என் ஆறு மாசமும் இருக்கிறது.

கஷ்டம் பலகையிலேயே ஆரம்பிக்கும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட்தான் வேண்டும். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு துண்டை வெட்டிப் பானையில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டுப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் வாங்கிய முதல் சரக்கில் நடு அடுக்கில் விரல் அகல இடைவெளிகள் இருந்தன, வளைத்தபோது அங்கேதான் முறிந்தது. ஒரு பலகையின் நீளம் எட்டடிதான். இரண்டைச் சேர்க்க, கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்து ஒட்டணும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர் சரிவு.

அடுத்தது எபாக்ஸி. புத்தகங்கள் எல்லாம் குளிர் நாட்டில் எழுதியவை. நம்ம ஊர் மே மாசத்தில், கலந்த எபாக்ஸியை ஆழமான கப்பில் வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கல்லாகிவிடும். சுமாராக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. கலந்த உடனே அகலமான தட்டில் பரப்பிவிடணும். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழ் போடும். சரி, சாயங்காலம் பூசினால் காற்று சுருங்கும்போது எபாக்ஸி மரத்துக்குள் இழுபடும். ஆனால் கடற்கரையில் இரவு ஈரம் இறங்கி, மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்குப் படியும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சுப் போட்டால் ஒட்டாது. நான் கண்டுபிடித்த சமாதானம்: மூணு மணிக்குப் பூசி, ஆறு மணிக்குள் தார்ப்பாய் போட்டு மூடி, மறுநாள் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வைத்துக் கழுவுவது.

ஒரு நாள் ஹார்ட்னரைக் கண் அளவில் ஊற்றினேன். பத்து நாள் கழித்தும் ஒரு பக்கம் முழுக்கப் பிசுபிசுவென்று இருந்தது. மேலே இன்னொரு கோட் அடித்தால் சரியாகிடும் என்று ஆசை சொன்னது. ஆகாது, அடியில் இறுகாதது இறுகாததுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுரண்டினேன், கையுறை இல்லாமல். முழங்கை வரை தடித்து அரித்தது. எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போவதில்லை. இப்போது முழுக்கைச் சட்டை, நைட்ரைல் கையுறை, சமையல் தராசு மூன்றும் இல்லாமல் டப்பாவைத் திறப்பதில்லை.

வெளியே வெள்ளை பெயின்ட் கட்டாயம். வெயில் பட்டால் எபாக்ஸி கெடும். அடர் நிறம் அடித்தால் நம்ம வெயிலில் ஏறும் சூட்டுக்கே இளகவும் ஆரம்பிக்கும்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் இறுதியில் வந்தபிறகு, வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. மணல் வராத கரை கரைந்தது. அதைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே இருக்கும் ஊர்களுக்கு நகர்ந்தது. கல் கொட்டிய கரையில் எந்தப் படகும் ஏற முடியாது, கட்டுமரமும்தான். மணல் இருக்கும் இடத்துக்குத் தூக்கிப் போகக்கூடிய படகுக்குத்தான் இங்கே வேலை. அதனால் வரைபடத்தில் இருந்த சின்ன கேபினை எடுத்துவிட்டேன். பதினாறு அடி ஹல், சட்டங்கள் முழுக்கக் கயிற்றில்.

முதல் ஹல்லைப் பழைய பேப்பர் கடைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். 58 கிலோ. போய்ச் சொன்னேன், "நாலு பேரு போதும்யா."

"காஞ்சு இருக்கறப்பவா, நனைஞ்சப்புறமா?"

நீர் குடித்த கட்டுமரத்தைத் தூக்கியவர் கேட்கும் கேள்வி. பூச்சு சரியாக இருந்தால் பிளைவுட் கனக்கக் கூடாது. கனத்தால் எங்கேயோ தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். கடலில் இறக்கியபின் மாசம் ஒரு தடவை அதே தராசில் நிறுத்துக் குறித்துவைக்கப் போகிறேன். இரண்டாவது ஹல்லுக்குக் கம்பித் தையல் முடிந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் நாடா ஒட்டி முடிக்கணும்.