ஒல்லி உடம்பு... உள்ளே கொழுப்பு! எளாவூர்க்காரருக்கும் சர்க்கரை வருவது ஏன்?

"நான் ஒல்லிங்க! எனக்கு எப்படி சுகர் வரும்?"

எளாவூர் டீக்கடையிலும் கேட்கலாம், பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களிலும் கேட்கலாம். கை, கால் குச்சி மாதிரி. கைலிக்கு மேலே மட்டும் சின்னதாக ஒரு தொப்பை!

அந்தத் தொப்பைதான் ஆபத்து என்கிறார்கள் டாக்டர்கள்.

ஒரு படம் - இரு டாக்டர்கள்

2004-ல் "லான்செட்" மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவீதம். நம்ம ஆளுக்கு 21.2 சதவீதம்!

எடை மெஷின் சொல்லாத சங்கதி இது.

ஜீன் செய்யும் வேலை

உடம்பில் எல்லா செல்லிலும் ஒரே ஜீன்கள்தான். எது "ஆன்", எது "ஆப்" என்பதில்தான் வித்தியாசம். கொழுப்பு செல் ஆவதற்கான பெரிய சுவிட்சின் பெயர் "பிபார் காமா". அமெரிக்காவில் ஸ்பீகல்மேன் குழுவினர் 1994-ல் இந்த ஜீனை எலியின் நார் செல்களுக்குள் செலுத்தினார்கள். அவை கொழுப்பு செல்களாகவே மாறிவிட்டன!

கொழுப்பு செல் கெட்டது என்று நினைக்காதீர்கள். அது ஐஸ் பெட்டி மாதிரி. பெட்டி போதுமான அளவு இருந்தால் மீன் கெடாது. பெட்டி தீர்ந்துவிட்டால்? மீன் மணலில் கிடந்து நாறும். அதேபோல தோலுக்கு அடியில் புது கொழுப்பு செல் சரியாக உருவாகாவிட்டால், இருக்கிற செல்கள் ஊதிப் பெருக்கும். மிச்சக் கொழுப்பு ஈரலுக்கும் தசைக்கும் போய்ச் சேரும். அங்கே இன்சுலின் வேலை செய்யாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும். நம் நாட்டவருக்கு ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வருவதற்கு இது ஒரு முக்கிய காரணமாக இருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் கருத்து.

இதற்கு சாட்சி போல ஒரு மாத்திரை இருக்கிறது. "பயோகிளிட்டசோன்" அந்த சுவிட்சைத்தான் தட்டுகிறது. சாப்பிட்டால் எடை கூடும், சர்க்கரையோ குறையும்! கொழுப்பு போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுவதே காரணம். 2013 ஜூனில் மத்திய அரசு இதற்குத் தடை போட்டு, அடுத்த மாதமே விலக்கிக்கொண்டது. கால் வீக்கம், இதயக் கோளாறு வரக்கூடும். டாக்டரைக் கேட்காமல் மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் சமாச்சாரம் அல்ல.

10 கோடி பேர்

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டன. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல்! 100-க்கு 39 பேருக்குத் தொப்பை.

வலை இழுத்த காலம் வேறு. மோட்டார் வந்தது, பரோட்டா வந்தது, எளாவூரை ஒட்டிய கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையும் வந்தது. ஜீன் மாறவில்லை, சோறும் வேலையும் மாறிவிட்டன.

தையல் டேப் போதும்

தையல் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தொட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியதுதான், ஒல்லியாக இருந்தாலும்! மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பது செல்லாது.