பக்கத்துல கிரவுண்டு வருதா? இதையும் கொஞ்சம் கேளுங்க!

தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்கு அதிகாலையிலேயே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். சர்க்கரைக்காக நடக்கும் பெரியவர்கள், ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள். வீட்டருகே இப்படி ஓர் இடம் இருப்பது வரம்தான். 234 சட்டமன்றத் தொகுதிகளிலும் சிறு விளையாட்டரங்கம் அமைப்பதாகத் தமிழக அரசும் அறிவித்திருக்கிறது. தனியார் ‘டர்ஃப்’ மைதானங்கள் வேறு பெருகுகின்றன.

சிக்கல் தொடங்குவது இருட்டிய பிறகு. செயற்கைப் புல் வெயிலில் கொதிக்கும் என்பதால் டர்ஃபில் ஆட்டம் களைகட்டுவது ராத்திரியில்தான். விசில், கூச்சல், பைக் சத்தம். அடுத்த தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்.

ஒலி மாசு விதிகள் 2000-லிருந்தே இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. இருவர் சாதாரணமாகப் பேசினாலே சுமார் 60 வரும். ஒரு சிக்ஸருக்கு எழும் கூச்சலைக் கேட்கவா வேண்டும்? வரம்பைவிட 10 டெசிபல் கூடினால், மாவட்ட நிர்வாகம் அல்லது காவல்துறையில் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் புகார் தரலாம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. திருவிழா போன்ற சில நாள்களுக்கு மட்டுமே அரசு விலக்கு தரலாம்.

வெளிச்சத்துக்கு இப்படி டெசிபல் கணக்கு போல ஒரு வரம்பு கிடையாது. விளக்கைத் தரை நோக்கிச் சாய்க்கவும், மறைப்பு வைக்கவும், ஆட்டம் முடிந்ததும் அணைக்கவும் நாம்தான் கேட்க வேண்டும்.

டெல்டாவில் பக்கத்து ‘வீட்டுக்காரர்’ வயலாகவும் இருக்கலாம். நெல்லின் குருத்துப்பூச்சி அந்துப்பூச்சிகளைப் பிடிக்க விவசாயிகள் விளக்குப் பொறி வைப்பது, அவை வெளிச்சத்துக்கு ஓடி வரும் என்பதால்தான். பெரிய விளக்குக் கம்பம் வரப்போரமே நின்றால்? பகல் பொழுது குறையும்போது கதிர் தள்ளும் பழைய சம்பா ரகங்களுக்கு, இரவெல்லாம் வெளிச்சம் விழுந்தால் பூப்பதே தள்ளிப்போகும்.

அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். தாழ்வான நிலத்தில் மண் கொட்டி மைதானத்தை உயர்த்தினால், ஐப்பசி மழை பக்கத்து வீட்டு வாசலில்தான் நிற்கும். வடிகால் எந்தப் பக்கம் போகிறது, அதை யார் தூர்வாருவார்கள் என்பதை முதல் லாரி மண் இறங்கும் முன்பே கிராம சபையிலோ, வார்டு கவுன்சிலரிடமோ கேட்டுவிடுங்கள்.