செலவு ரசத்துத் திப்பிலி: மஞ்சளின் பலனை 20 மடங்கு கூட்டுமா?

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் சளி பிடித்தாலும் சரி, பிள்ளை பெற்ற வீடானாலும் சரி, அடுப்பில் ஏறுவது செலவு ரசம்தான். இங்கே 'செலவு' என்றால் காசு இல்லைங்க. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் சாமான்கள்: சுக்கு, மிளகு, சித்தரத்தை, மஞ்சள் என்று வீட்டுக்கு வீடு பட்டியல் கொஞ்சம் மாறும். அதில் பலருக்கும் அடையாளம் தெரியாத ஒன்று, கருத்துச் சுருங்கி நீளமாக இருக்கும் திப்பிலி.

மிளகுக்கு இது நெருங்கிய சொந்தம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளரும் கொடி. ரோமில் மிளகைவிட இதற்குத்தான் விலை அதிகம்: ஒரு பவுண்டு திப்பிலி 15 தினாரி, கருமிளகு 4 தினாரி என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். 'பெப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே மூலம் 'பிப்பலி'தான்.

இரண்டுக்கும் காரம் தருவது பைப்பரின். இதை வைத்துத்தான் '20 மடங்கு' கதை சுற்றுகிறது. கதை பொய்யில்லை. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, ரத்தத்தில் குர்குமின் சேர்வது 2000 சதவீதம் கூடியது. மஞ்சள் கேப்ஸ்யூல்களில் மிளகுச் சாறு சேர்ப்பது இதனால்தான்.

ஆனா கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 2 கிராம் வேண்டுமென்றால் 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தேவை. ரசத்தில் போடுவதோ ஒரு சிட்டிகை. அதோடு, குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறியது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் 20 மடங்கு.

பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது? வெளியிலிருந்து வரும் பொருட்களைக் குடலும் கல்லீரலும் உடைத்து வெளியேற்றும். அந்த வேலையைப் பைப்பரின் மெதுவாக்குகிறது. சிக்கலும் அங்கேதான். மஞ்சள் எது, மாத்திரை எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வலிப்பு நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், அதே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்ததும் பெனிடாயின் மருந்தின் அளவு ரத்தத்தில் கூடியது. ஏறக்குறைய பத்து மிளகில் இருக்கும் அளவுதான் அது. அந்த மருந்து கொஞ்சம் கூடினாலே தலைசுற்றல், தள்ளாட்டம் வரலாம்.

'திப்பிலி புற்றுநோயைக் கொல்லும்' என்ற ஃபார்வர்டும் வந்திருக்கும். திப்பிலியில் உள்ள பைப்பர்லாங்குமின் பற்றி 2011-ல் 'நேச்சர்' இதழில் வந்து பெரிதாகப் பேசப்பட்ட ஆய்வு, சோதனைக் கூடத்துச் செல்களிலும் எலிகளிலும் செய்தது. அதையும் 2018-ல் இதழ் திரும்பப் பெற்றுவிட்டது. ஃபார்வர்டு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

சளிக்கு ஒரு டம்ளர் ரசம் குடிப்பது வேறு, சாறெடுத்த கேப்ஸ்யூலைத் தினமும் விழுங்குவது வேறு. வீட்டில் யாராவது வலிப்பு மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறார்களென்றால், கேப்ஸ்யூல் பாட்டிலை அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டிவிடுங்க.