ஏசியை டிசியாக்கும் ஆறு பேர்

2014 பிப்ரவரியில் மும்பையில் செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே மோனோரயில் ஓடத் தொடங்கியது. அதற்குத் தேவை 750 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம். ஆனால் ஊருக்குள் வருவதோ விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அலையும் ஏசி. அதை மாற்றிக் கொடுப்பது யார்?

டயோடுகள்தான். டயோடு மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டுமே விடும். திரும்பி வர விடாது. நான்கு டயோடுகளைக் கோத்தால் வீட்டு ஏசி டிசியாகிவிடும். செல்போன் சார்ஜருக்குள் நடப்பதும் இதுதான். ஒரு குறை உண்டு: அந்த டிசி விநாடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு ஏறும். சார்ஜரில் இருக்கும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்னக் கெப்பாசிட்டர் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். ரயிலின் அளவுக்கு அந்த வழி கட்டுபடியாகாது.

அங்கேதான் மும்முனை மின்சாரம் கைகொடுக்கிறது. பட்டறைகளில் பெரிய மோட்டார்களுக்கு 'த்ரீ பேஸ்' என்று தனியாக இணைப்பு கேட்டு வாங்குவார்களே, அதேதான். மூன்று கம்பிகளிலும் ஏசிதான் வருகிறது. ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. ஒரே உரலில் மூன்று பேர் உலக்கை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? (இல்லையென்றால் பாட்டியைக் கேளுங்கள்.) ஒருவர் ஓங்கும்போது இன்னொருவர் இடிப்பார், உரல் சும்மா இருக்காது.

இப்போது ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு டயோடு, மொத்தம் ஆறு. மூன்று பிளஸ் பக்கம், மூன்று மைனஸ் பக்கம். எந்தக் கம்பியில் மின்னழுத்தம் மிக அதிகமோ, அதன் பிளஸ் டயோடு வழியாக மின்சாரம் வெளியே போகும். எதில் மிகக் குறைவோ, அதன் மைனஸ் டயோடு வழியாகத் திரும்பி வரும். மற்ற நான்கு பேருக்கும் அந்தக் கணம் ஓய்வு. அடுத்த முறை யாருடையது என்று சொல்ல சுவிட்சும் இல்லை, கணினியும் இல்லை. மின்னழுத்தமே முடிவு செய்துவிடுகிறது. இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்! வெளிவரும் டிசியில் விநாடிக்கு 300 குட்டி மேடுகள் இருக்கும். உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டால், பள்ளம்கூட 86க்குக் கீழே இறங்காது.

மும்பைக்கு டிசி ரயில் புதிதல்ல. இந்தியாவின் முதல் மின்ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து (வி.டி.) குர்லாவுக்கு 1500 வோல்ட் டிசியில்தான் ஓடியது. ரயிலுக்கு ஏற்ற சிலிக்கான் டயோடு அப்போது பிறக்கவே இல்லை. சுழலும் எந்திரங்களையும் பாதரச ஆவி நிரம்பிய குடுவைகளையும் வைத்து உலகம் இந்த வேலையைச் சமாளித்த காலம் அது.

பிறகு, மாட்டுங்கா வழியாகப் போகும் மத்திய ரயில்வே பாதை 2015இலும், செம்பூர் வழியாகப் போகும் ஹார்பர் பாதை 2016இலும் 25,000 வோல்ட் ஏசிக்கு மாறின. வோல்ட் கூடினால் அதே வேலைக்குக் குறைந்த மின்னோட்டம் போதும். கம்பியில் வீணாவதும் குறையும்.

அப்படியானால் டிசி ஒழிந்துவிட்டதா? இல்லை, மாற்றும் வேலை ரயிலுக்குள் ஏறிக்கொண்டது. இன்றைய புது ரயில்கள் மேலே போகும் ஒற்றைக் கம்பியிலிருந்து ஏசியை வாங்கி, உள்ளே டிசியாக்கி, அந்த டிசியை மறுபடியும் மும்முனை ஏசியாக்கி மோட்டாருக்குக் கொடுக்கின்றன!