குழலில் தங்கிய குண்டு

பாலமுனைக்கும் அட்டாளைச்சேனைக்கும் மேற்கே விரிந்து கிடக்கும் வட்டைகளில், தை மாசி மாதங்களில் பெரும்போக நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். அக்காலத்து இரவுகளில் கமக்காரனுக்கு உறக்கமில்லை. பல மாத உழைப்பைக் காட்டுப் பன்றிக் கூட்டம் ஓர் இரவில் உழக்கிவிட்டுப் போய்விடும். ஆகவே, காவல் வாடிகள் சிலவற்றில் அனுமதிப் பத்திரம் பெற்ற துவக்கு ஒன்றும் இருப்பதுண்டு.

நேயர்களே, அத்தகைய ஓர் இரவை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். வரம்போரம் பன்றியின் அரவம் கேட்கின்றது. காவலிருப்பவர் விசையை இழுக்கின்றார். வழக்கமான முழக்கம் எழவில்லை. மெலிந்த ஓசை ஒன்று மட்டும் கேட்கின்றது. தோளிலே உதைப்பும் இல்லை. பன்றியோ போகவில்லை. அவருடைய கை தானாகவே அடுத்த தோட்டாவை நாடுகின்றது. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

தோட்டாவின் அடியிலே கேப்பு எனப்படும் சிறிய எரியூட்டி இருக்கின்றது. ஊசி அதனைத் தாக்கியதும் அது பொறி கக்கி வெடிமருந்தை எரிக்கின்றது. மருந்து எரிந்து உண்டாகும் வாயுவே குண்டைக் குழல் வழியே தள்ளுகின்றது. மருந்து ஈரமாகியிருந்தாலோ, அளவிற் குறைந்திருந்தாலோ, கேப்பின் சிறுவெடி மட்டுமே நிகழும். அதன் வலிமை குண்டைத் தோட்டா அறையிலிருந்து சிறிது தூரம் நகர்த்தப் போதுமேயன்றி, வெளியே அனுப்பப் போதாது. உப்புக்காற்று வீசும் எமது கரையோரத்தில், நெடுநாள் திறந்த பெட்டியிற் கிடந்த தோட்டாக்களுக்கு ஈரம் ஏறுவது எளிது. சன்னத் தோட்டாவாயின், மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையிலுள்ள தக்கை குழலிலே தங்கிவிடுதலும் உண்டு.

இனி, இரண்டாவது வெடி வைத்தால் என்ன நிகழும்? ஒரு காலத்தில் இலங்கைப் படையினர் பயன்படுத்திய .303 றைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு ஏறத்தாழ 11 கிராம் நிறையுடையது. வினாடிக்கு ஏறத்தாழ 740 மீற்றர் வேகத்தில் குழலைவிட்டு வெளியேறுவது. சுடும் கணத்தில் தோட்டா அறையினுள் எழும் அமுக்கம், வளிமண்டல அமுக்கத்தைப் போல் சுமார் 3000 மடங்காகும். குழல் தடையின்றி இருக்கும்போது, குண்டு முன்னேற முன்னேற வாயு விரிவதற்கு இடம் பெருகுகின்றது, அமுக்கமும் தணிகின்றது. வழியில் முதற்குண்டு தங்கியிருந்தாலோ, பின்வரும் குண்டு அதன்மீது மோதிச் சடுதியாக வேகமிழக்கின்றது. பின்தொடரும் வாயு அவ்விடத்திலேயே நெருக்குண்டு, குழலை மோதிரம்போல வீங்கச் செய்கின்றது, அன்றேல் பிளந்துவிடுகின்றது. பிளக்கக்கூடிய அவ்விடத்தைத்தான் சுடுபவரின் இடக்கை பெரும்பாலும் தாங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் டோர்ச் விளக்கைப் பிடித்து நிற்பவர் அவருடைய மகனாகவும் இருக்கலாம்.

ஆகவே, ஓசை மெலிந்ததும் செய்யவேண்டிய முதற்காரியம், ஒன்றும் செய்யாதிருப்பதே. சில வேளைகளில் மருந்து தாமதித்துத் தீப்பற்றும். எனவே, துவக்கின் வாயை ஆளில்லாத திசையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு நிமிடமாவது பொறுத்திருத்தல் வேண்டும். பின்னர் அதே நிலையில் அடிப்புறத்தைத் திறந்து, தோட்டாக்கள் அனைத்தையும் அகற்றி, அறை வெறுமையாய் இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். அன்றிரவுக் காவலுக்கு அந்தத் துவக்கு உதவாது. தகரத்தைத் தட்டியோ, தீ மூட்டியோ பன்றியைத் துரத்தலாம்.

பொழுது விடிந்தபின் சோதனை செய்யலாம். குழலைக் கழற்றக்கூடிய துவக்காயின், கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்து, அடிப்புறத்திலிருந்து பார்க்க வேண்டும். வெளிச்சம் முழுவட்டமாகத் தெரிந்தால் வழி திறந்துள்ளது. இருண்டிருந்தால் தடை உண்டு. பூட்டிய துவக்கின் வாயில் ஒருபோதும் கண்ணை வைத்துப் பார்த்தலாகாது.

தடை இருப்பதாகத் தெரிந்தால், அதனை அகற்றுவது உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநரின் வேலை. அவர் முதலில், உள்ளே இருப்பது வெறுங்குண்டா, வெடிக்காத தோட்டாவா என்று உறுதி செய்வார். ஏனெனில், 12 போர் துவக்கிலே தவறுதலாக இடப்பட்ட 20 போர் தோட்டா, அறையைத் தாண்டி நழுவிக் குழலிற் சிக்கிக்கொள்ளும். அதனைக் கோலால் இடித்தல் உயிருக்கே ஆபத்து. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் செய்யப்படுகின்றன. வெறுங்குண்டு என்பது உறுதியானபின், மெல்லிய எண்ணெயை விட்டு ஊறவைத்து, குழலின் அளவுக்குப் பொருந்திய பித்தளைக் கோலால் மெல்ல மெல்லத் தட்டி வெளியேற்றுவார். ஒல்லியான இரும்புக் கம்பி குழலின் உட்புறத்தைக் கீறும். ஈயக் குண்டின் நடுவே குத்தி அதனை மேலும் அகலச் செய்யும். மரக்கோல் பிளந்து ஆப்புப்போல் இறுகிவிடும். குழலை நெருப்பிற் காய்ச்சுவதும், துளைகருவியால் துளைப்பதும் அறவே கூடாதவை. குண்டு வெளிவந்த பின்னரும், குழலிலே வீக்கம் உண்டா என்று பார்த்த பிறகே துவக்கை மீண்டும் பயன்படுத்தலாம்.

குண்டு மட்டுமன்று தடை. வரம்பிலே சறுக்கி விழும்போது வாயிற் புகுந்த சேறும், துடைத்தபின் மறந்துவிட்ட துணித்துண்டும், மூலையிற் சாத்திய துவக்கின் குழலுள் குளவி கட்டிய மண்கூடும் அதே தீங்கை விளைவிக்கக்கூடியவை. ஆகவே, காவலுக்குப் புறப்படுமுன் ஒரு தடவை குழலூடே பார்ப்பதும், தோட்டாக்களை இறுக மூடிய தகரப் பெட்டியில் வைப்பதும், பழுதானவற்றைச் சேமியாதிருப்பதும் நல்ல வழக்கங்களாகும்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், அனுமதிப் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்குமாறு கேட்கின்றது. அப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாளிலாவது, வீட்டிலுள்ள இளைஞர்களை அருகழைத்து இச்செய்தியைச் சொல்லி வைப்போமாக. பதறிய காரியம் சிதறும் என்பர் எம் முன்னோர். பன்றி தின்ற நெல்லை அடுத்த போகத்தில் விளைவித்துக்கொள்ளலாம். இழந்த விரல்களும் கண்ணும் எந்தப் போகத்திலும் மீள்வதில்லை.